ஆளில்லா இருக்கையும் ஆளில்லா ஆரவாரமும்

ஒருவன் வரவேண்டிய இடத்திற்கு வரவியலாமற் போனால், அவன் இருக்கையை வெறிதே விட்டுவைப்பது முறையா, அன்றி அவன் வந்துவிட்டான் என்று தோன்றும்படி வேறெதையேனும் அங்கே வைத்து நிரப்புவது முறையா? கேட்ட மாத்திரத்தில் இது சிறுபிள்ளைகளின் வினாவைப்போலத் தோன்றலாம். ஆயினும், 2020ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகத்தை வளைத்துக்கொண்டபோது, இவ்வினா விளையாட்டரங்குகளின் வாயிலில் வந்து நின்றது. அதற்கு உலகத்தார் அளித்த விடைகளை ஆராயுமிடத்து, வாய்மை, கருணை, முதிதை என நாம் நாள்தோறும் போற்றுகின்ற பெரும்பொருள்கள் அதனுள் அடங்கிக் கிடப்பதைக் காண்கின்றோம். ஆதலின் அதனை இவ்விதழில் எடுத்துப் பேசத் துணிந்தோம்.

முதலில் நடந்தவற்றைக் கூறுவோம். அவ்வாண்டு மே மாதம் 16ஆம் நாள் ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்தாட்டப் போட்டிகள், பார்வையாளர் ஒருவரும் இன்றி மீண்டும் தொடங்கின. அந்நாட்டின் மொன்சென்கிளாட்பாக் நகரக் கழகத்தார், தம் ரசிகரிடம் ஆளுக்கு 19 யூரோ பெற்றுக்கொண்டு, அவர்தம் உருவப்படங்களை அட்டையில் அச்சிட்டு அரங்கில் நிறுத்திவைத்தனர். ஜப்பானின் ஃபுக்குவோக்கா நகரில், ஜூலை மாதத்துப் பேஸ்பால் ஆட்டமொன்றில், இயந்திர மனிதர்களை வரிசையாக நிறுத்தி ஆடச்செய்தனர். அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில், வீட்டிலிருந்தே பார்த்த மக்களின் முகங்கள் ஆடுகளத்தைச் சூழ்ந்த பெருந்திரைகளில் தோன்றின. இங்கிலாந்தின் கால்பந்தாட்ட ஒளிபரப்பிலோ, கணினி விளையாட்டொன்றுக்காக முன்னரே பதிந்து வைத்திருந்த கூட்டத்தின் ஒலியைக் கலந்தனர். பந்து வலையை நெருங்கும்போது ஓசை உயரவும், தவறிப்போகும்போது பெருமூச்சு எழவும், ஒருவர் அமர்ந்து பொத்தான்களை இயக்கினார்.

நம் நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டிகள் 2020 செப்டம்பர் 19 முதல் நவம்பர் 10 வரை, இந்தியாவில் அன்றி, ஐக்கிய அரபு அமீரகத்தின் துபாய், அபுதாபி, சார்ஜா ஆகிய இடங்களில் நடைபெற்றன. முதல் ஆட்டம் மும்பை அணிக்கும் சென்னை அணிக்கும் இடையே அபுதாபியில் நடந்தது. அரங்கில் பார்வையாளர் இல்லை. ஆயினும் தொலைக்காட்சியில் ஆட்டத்தைக் கண்டோர் செவியில், பதிந்து வைத்திருந்த ஆரவாரம் வந்து விழுந்தது.

இவ்வாரவாரம் அந்தமான் தீவுகளையும் சென்றடைந்தது. அது சென்றடைந்த வழி நினைத்துப் பார்க்கத்தக்கது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் உள்ளது போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றினர். கப்பலேறினால் ஏறக்குறைய மூன்று நாட் பயணம். அங்கும், சூழவுள்ள தீவுகளிலும், தமிழ் பேசுவோர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். பிழைப்புத் தேடிச் சென்றோரும் உளர். இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டோரும் உளர். நெடுங்காலமாக இத்தீவினர்க்கு இணையத் தொடர்பு வானத்துச் செயற்கைக்கோள் வழியாகவே அரிதாகக் கிடைத்துவந்தது. சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழைக் கம்பி இடப்பெற்று, 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள்தான் தொடங்கிவைக்கப்பட்டது. போர்ட் பிளேர், கார் நிக்கோபார், கமோர்ட்டா, லிட்டில் அந்தமான் முதலிய இடங்கள் அதனால் இணைக்கப்பெற்றன. நாற்பது நாள் கழித்து ஐ.பி.எல். தொடங்கியது. பெருநிலத்தின் மக்கட் குரலைத் தடையின்றிக் கேட்கும் வாய்ப்புப் பெற்ற அந்நாளில், அரங்கிலே எழுப்புவார் யாருமற்ற ஆரவாரமே அத்தீவினர்க்குக் கேட்டது.

இங்கே அன்பர் சிலர், "உபாசகராகிய நமக்கு விளையாட்டரங்கின் செய்தி எதற்கு? கூத்தும் கேளிக்கையும் தேடித் திரிவது பொருள் அழியும் ஆறு வாயில்களுள் ஒன்று எனப் பகவன் புத்தர் சிகாலன் என்னும் இளைஞனுக்கு உரைத்தாரன்றோ?" என்று வினவலாம். உரைத்தது மெய்யே. எங்கே ஆட்டம், எங்கே பாட்டு என்று நாடோறும் அலைபவன் தன் இல்லறக் கடமையை மறப்பான் என்பதே அதன் கருத்து. அந்த எச்சரிக்கையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நம் பிள்ளைகள் விளையாடுகின்றனர், விளையாட்டைக் காண்கின்றனர், அதனால் மகிழ்ந்தும் சினந்தும் அழுதும் போகின்றனர். மனம் இவ்வளவு அசைவுறும் இடத்தை ஆராயாமல் விடுவது அறிவுடைமை ஆகாது. மேலும், ஒருவர் இல்லாதபோது அவருக்கு ஈடாக எதை வைக்கலாம் என்பது விளையாட்டுக்கு மட்டும் உரிய வினா அன்று. நம் விகாரைகளிலேயே நெடுங்காலமாக எழுந்துள்ள வினா அது.

காலிங்கபோதி சாதகத்தின் முன்னுரையில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகின்றது. பகவர் வெளியூர்களுக்குச் சென்றிருந்த காலத்தில், சாவத்தி நகரத்து மக்கள் மலரும் மாலையும் ஏந்தி ஜேதவனத்திற்கு வந்தனர். வணங்குதற்கு அவர் அங்கில்லை. ஆதலின் அவர் உறையும் அறையின் வாயிலிலேயே மலர்களை வைத்துவிட்டு மீண்டனர். இதனை அறிந்த அனாதபிண்டிகர் ஆனந்தரிடம் எடுத்துக் கூற, ஆனந்தர் பகவரை அணுகி, அவர் இல்லாத காலத்தில் மக்கள் வழிபடுதற்கு ஏதேனும் ஒன்றை அமைக்கலாமோ என்று வினவினார். பகவர் போதி மரத்தை அதற்கு ஏற்றதென இசைந்தார். போதியின் வித்துக் கொணரப்பெற்று, ஜேதவனத்து வாயிலில் ஊன்றப்பட்டது. உருவம் முதலாய நினைவுச் சின்னங்கள் மனம் ஒன்றையே பற்றி நிற்பன என்பதும் அங்கே உணர்த்தப்பட்டது.

இதனால் நாம் பெறும் அளவுகோல் யாது? ஈடாக வைக்கும் பொருள் எல்லாம் பொய் ஆகிவிடா. போதி மரம் தன்னைப் புத்தர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அதன்முன் நிற்பவன், புத்தர் அங்கில்லை என்பதை நன்கறிந்தே நிற்கின்றான். இல்லாதவரை நினைத்தற்கு மரம் துணையாகின்றது. நம் சபைகளில் வைத்துள்ள புத்தர் உருவமும் அத்தகையதே. ஈடு தன்னை ஈடென்றே காட்டிக்கொள்ளும்வரை, அதனால் வாய்மைக்குக் கேடில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், அட்டையில் அச்சிட்ட முகத்தில் பெரும் பிழை காண்பதற்கில்லை. அதனை மெய்யான மனிதனென்று எவரும் மயங்கார். தன் ஊர் அணிக்காக வரவிரும்பியும் வரவியலாத ஒருவனின் நினைவாக அது நின்றது. பெருந்திரையில் தோன்றிய முகமோ அதனினும் மேலானது. அம்முகத்தின் பின்னே உயிருள்ள ஒருவர் அந்நேரத்தில் அவ்வாட்டத்தையே கண்டுகொண்டிருந்தார். பதிந்த ஆரவாரத்தின் நிலை வேறு. ஏதோ ஓராண்டில், ஏதோ ஓர் ஆட்டத்தில், யாரோ சிலர் எழுப்பிய குரலை எடுத்து, அவர்கள் காணாத வேறோர் ஆட்டத்தின்மேல் அது போர்த்துகின்றது. அக்குரலுக்கு உரியவர் எவரும் அந்த ஆட்டக்காரனைப் பாராட்டவில்லை. ஆயினும் பாராட்டு மட்டும் கேட்கின்றது.

இதனைச் செய்தவர்களைப் பழித்துரைத்தல் நம் நோக்கம் அன்று. ஓசையற்ற அரங்கில் ஆடுவோர் ஊக்கம் குன்றினர். வீட்டில் அடைபட்டுக் கிடந்தோர், பழகிய ஒலியைக் கேட்டுச் சிறிது ஆறுதல் பெற்றனர். ஒலி பதிந்ததே என்பதைப் பலரும் அறிந்திருந்தனர். இங்கிலாந்தில் அதனை நீக்கிவிட்டுக் காண்பதற்கும் வழி செய்திருந்தனர். ஆதலின் நான்காம் சீலத்தை மட்டும் சுட்டிக்காட்டி, இது பொய்யுரை என்று தீர்ப்புக் கூறிவிட்டு நாம் அமைந்துவிடுதல் பொருந்தாது. அறிந்தே ஏற்றுக்கொண்ட ஒன்றில் வஞ்சனை குறைவு. எனினும் நம் மனம் ஏனோ அமைதியுறவில்லை. அதன் காரணத்தை இன்னும் ஆழச் சென்று காணவேண்டும்.

கைதட்டல் என்பது யாது? இரு கைகள் மோதுவதால் எழும் ஓசை என்பது இயற்கை நூலார் விடை. நம் அறத்தின்படி, எண்ணமே வினை. எண்ணமின்றி நிகழும் அசைவு வினையாகாது. ஆகவே கைதட்டலை அறச்செயல் ஆக்குவது, பிறனொருவன் ஆற்றலைக் கண்டு உள்ளம் மகிழ்வதே. இம்மகிழ்ச்சிக்கு நம் முன்னோர் முதிதை என்று பெயரிட்டு, மைத்திரி, கருணை, உபேட்சை ஆகியவற்றோடு சேர்த்து, உயர்ந்த நால்வகை உளநிலைகளுள் ஒன்றாக வைத்தனர். இவற்றை விரித்துரைத்த புத்தகோசர், ஒவ்வொன்றிற்கும் அதனைப் போலவே தோன்றி ஏமாற்றும் அண்மைப் பகையொன்று உண்டென்றார். முதிதைக்கு அண்மைப் பகை, தன்னலம் பற்றிய உலகியற் களிப்பு. என் ஊர் வென்றது, என் கட்சி வென்றது என்று துள்ளுவது பார்வைக்கு முதிதைபோல் இருக்கும். ஆனால் அங்கே "நான்" என்பது பெருத்ததேயன்றிக் கரையவில்லை.

மெய்யான முதிதையைச் சென்னை மாநகரம் ஒருமுறை கண்டது. 1999 ஜனவரியில் பாக்கிஸ்தான் அணி சேப்பாக்கம் அரங்கில் ஆடியது. அவ்வணி வருவதை வெறுத்து, டில்லி ஆடுகளத்தைத் தோண்டிப் பாழாக்கியோரும் இருந்த காலம் அது. இந்தியா வெல்வதற்கு 271 ஓட்டங்கள் வேண்டியிருந்தன. சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும், இந்திய அணி 258 ஓட்டங்களில் முற்றும் ஆட்டமிழந்து, 12 ஓட்ட வேறுபாட்டில் ஜனவரி 31ஆம் நாள் தோற்றது. அரங்கம் சிறிது நேரம் வாயடைத்து நின்றது. பின்னர், வென்ற பாக்கிஸ்தான் வீரர்கள் அரங்கைச் சுற்றி ஓடிவந்தபோது, மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். தம் துயரத்தை அடக்கிக்கொண்டு, தம்மைத் துயருறுத்தியவரின் ஆற்றலை அவர்கள் மதித்தனர். இதுவே முதிதை. பொத்தானை இயக்குபவர் எதிரணிக்கும் கைதட்டலை எழுப்பக்கூடும். ஆனால் அவ்வொலியின் பின்னே துயரத்தை வென்ற மனம் எதுவும் இல்லை. கருவி தோல்வியால் வருந்தியதில்லை. ஆகவே பிறர் வெற்றியைப் பொறுத்துக்கொள்ளும் பெருமையும் அதற்கு இல்லை.

அவ்வாறாயின், மனிதர் கூடி எழுப்பும் ஆரவாரம் எல்லாம் மெய்யானது, கருவியின் ஆரவாரம் மட்டுமே பொய்யானது என்று கொள்ளலாமா? அவ்வாறு கொள்ளுதற்கும் இல்லை. ஐரோப்பாவில் பார்வையாளரின்றி நடந்த கால்பந்தாட்டங்களை ஆராய்ந்தோர், வெளியூர் அணியினர்க்கு நடுவர்கள் காட்டிய எச்சரிக்கை அட்டைகள் குறைந்தன என்று கண்டனர். உள்ளூர்க் கூட்டத்தின் கூச்சல், நடுவரின் நெஞ்சைத் தம்மை அறியாமலே சாய்த்து வந்தது என்பது இதனாற் புலனாகின்றது. விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் ஆகிய நான்கினாலும் நெறி பிறழாதிருக்கவேண்டும் எனச் சிகாலனுக்குப் பகவர் உரைத்ததை இங்கு நினைவுகூர்வோமாக. கூட்டத்தின் குரல் இந்நான்கையும் ஒருங்கே ஊட்டவல்லது. அரங்கு வெறுமையானபோது நீதி சிறிது நிமிர்ந்து நின்றதெனில், மக்கள் கூட்டம் என்பதாலேயே அதனைத் தூயதெனக் கொண்டாட இயலாது.

நம் மக்களுக்கு இன்னும் அணுக்கமான சான்று ஒன்றுண்டு. பல்வங்கர் பாலூ என்பவர் தோல் தொழில் செய்வோர் குலத்திற் பிறந்தவர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டின் தலைசிறந்த பந்து வீச்சாளர். பூனா நகரில் இந்துக்கள் அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டனர். அவர் வீழ்த்தும் விக்கெட்டுகள் அவர்களுக்கு வேண்டியிருந்தன. ஆனால் தேநீர் நேரத்தில் மற்றவர் மண்டபத்தினுள் பீங்கான் கோப்பையில் அருந்த, அவருக்கு வெளியே மண்குவளையில் வழங்கினர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில், அவர் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்துணைப் புகழ் பெற்றும், இந்துக்கள் அணியின் தலைமை அவருக்கு ஒருநாளும் கொடுக்கப்படவில்லை. இளமையில் அண்ணல் அம்பேத்கர் அவரிடத்துப் பெருமதிப்புக் கொண்டிருந்தார்.

பாலூவுக்குச் செய்யப்பட்டதையும் பதிந்த ஆரவாரத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டும் ஒரே அளவினவல்ல. முன்னது கொடுமை, பின்னது இடர்ப்பாட்டில் கைக்கொண்ட ஓர் ஏற்பாடு. ஆயினும் இரண்டின் அடியிலும் ஒரே மனப்போக்கு ஓடுகின்றது. பந்து வீசும் கை வேண்டும், அக்கைக்கு உரியவன் வேண்டா என்றது பூனா. கைதட்டும் ஓசை இருந்தாற் போதும், தட்டுபவன் எங்கிருந்தாலும் ஆகுக என்றது தொலைக்காட்சி. மனிதனிடமிருந்து அவன் தரும் பயனைப் பிரித்தெடுத்துக்கொண்டு, மனிதனைத் தள்ளிவைக்கலாம் என்னும் எண்ணமே அது. இதனை நம்மைவிட நன்கறிந்தவர் யாவர்? ஊரின் பறை வேண்டும், பறையடிப்பவன் கோயிலுக்குள் வேண்டா என்றனர். உழைத்த நெல் வேண்டும், உழைத்தவன் தெருவுக்குள் வேண்டா என்றனர். கூட்டத்தைப் பெருக்கிக் காட்டவேண்டிய நாளில் அழைத்தனர். பந்தியில் அமரும் நேரத்தில் மறந்தனர். ஓசையாகவும் உழைப்பாகவும் எண்ணிக்கையாகவும் மட்டும் கருதப்பட்ட மக்கள், தாம் மனிதர் என்பதை நிலைநாட்டவே புத்த தருமத்தைத் தழுவினர். ஆதலின் ஆளின்றி ஆரவாரம் போதும் என்னும் சொல் எங்கே கேட்பினும், நம் செவி கூர்மையாதல் இயல்பே.

இனி, அவ்வாரவாரம் எதனை மறைத்தது என்பதையும் காண்போம். அரங்கு ஏன் வெறுமையாயிற்று? மக்கள் விளையாட்டை வெறுத்துவிட்டதனால் அன்று. ஒருவர் மூச்சு மற்றவர்க்கு நோயாகலாம் என்று அஞ்சி, ஒருவரையொருவர் காத்தற்பொருட்டு விலகியிருந்தனர். அந்தமானில் இவ்விலகலின் பொருள் மிக வெளிப்படையாயிற்று. 2020 ஆகஸ்டில், கடலடிக் கம்பி தொடங்கிய அதே மாதத்தில், கிரேட் அந்தமானியர் என்னும் பழங்குடியினருள் சிலர்க்கும் தொற்று ஏற்பட்டது. அக்குடியினர் மொத்தமே ஏறத்தாழ ஐம்பதின்மர். பிரிட்டிஷார் அங்கே குடியேறிய பின்னர் வெளியார் கொண்டுவந்த நோய்களால் மாண்டு மாண்டு, பல ஆயிரவராய் இருந்தோர் அவ்வளவு சிறுத்துவிட்டனர். அத்தகைய மண்ணில், ஒருவன் கூட்டத்தைத் தவிர்த்து வீட்டில் இருந்தானெனில், ஒரு குலம் பிழைத்திருத்தற்கு அவன் தன்னாலான காவலைச் செய்தான் என்று கூறுதல் மிகையாகாது.

இக்கண்கொண்டு நோக்கின், அரங்கிலிருந்த ஒவ்வொரு வெறும் இருக்கையும் ஒருவர் பிறர்பொருட்டுக் கைவிட்ட இன்பத்தின் அடையாளம். அங்கே கருணை அமர்ந்திருந்தது எனலாம். தொலைக்காட்சி அவ்வெறுமையைத் துணிந்து காட்டி, "இவ்விருக்கைக்கு உரியவர் உங்கள் உயிரைக் காக்க வீட்டிலிருக்கின்றார்" என்று நமக்கு நினைவூட்டியிருக்கலாம். அதற்கு மாறாக, எதுவும் நடவாததுபோல் ஆரவாரத்தைப் பரப்பியது. நோயும், சாவும், மக்களின் பொறுமையும் அவ்வொலியில் மூழ்கின. இதுவே அதன் பெருங்குறை என்று நாம் கருதுகின்றோம்.

வெறும் இருக்கையைக் கண்டு அஞ்சாமை பௌத்தர்க்குப் புதிதன்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைக் கண்டோர் இதனை அறிவர். அங்குள்ள பழஞ்சிற்பங்கள் சிலவற்றில் மக்கள் சூழ்ந்து நின்று வணங்குகின்றனர். நடுவே ஓர் ஆசனம். ஆசனத்தின் முன்னே இரு திருவடிச் சுவடுகள். ஆசனத்தின்மேல் எவரும் இல்லை. உருவம் செதுக்கக் கைவன்மை போதாமையால் அச்சிற்பியர் அவ்வாறு விட்டனர் என்று சொல்வாரில்லை. சூழ நிற்போர் ஒவ்வொருவரையும் அவர்கள் உயிர்ப்போடு செதுக்கியுள்ளனர். இல்லாத ஒருவரை மதித்தற்கு அவருடைய இடத்தை அவருக்கே உரியதாக விட்டுவைப்பதும் ஒரு வழி என்பதை, அந்த வெறும் ஆசனம் நமக்குக் காட்டுகின்றது.

உடலால் வாராதவர் உள்ளத்தால் வருதல் கூடுமோ எனின், அத்தீவினரே அதற்கு விடை. சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டத்தைக் காண்பது போர்ட் பிளேரில் வாழும் தமிழருட் பெரும்பாலோர்க்கு நோயற்ற காலத்திலும் அரிது. தீவின் வீரர் வெளியே சென்று ஆடுமிடத்தும் அப்படியே. 2018இல் சுவிட்சர்லாந்தின் எய்கிள் நகரில் நடந்த இளையோர் உலக மிதிவண்டிப் போட்டியில், அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பென் வெள்ளிப் பதக்கம் வென்றார். கடலுக்கு இப்பால் அவர்க்காக மகிழ்ந்தவரின் குரல் அவர் செவிக்கு எட்டியிராது. எட்டாமையால் அம்மகிழ்ச்சி பொய்யாகுமா? மைத்திரியைத் திசை எட்டிலும் பரப்புக என்று கற்றுள்ள நாம் அவ்வாறு கூறமாட்டோம். ஓசை செல்லாத இடத்திற்கும் நல்லெண்ணம் செல்லும். ஆகவே தரவரிசை கூறவேண்டின், உள்ளமும் உடலும் ஒருங்கே வருதல் தலையாயது; உடல் வாராது உள்ளம் மட்டும் வருதல் அடுத்தது; உடல் வந்தும் உள்ளத்தில் மேல் கீழ் என்னும் பிரிவை வைத்திருத்தல் இழிந்தது. இரண்டும் இன்றி எழும் ஓசையோ இவ்வரிசையில் எங்கும் சேராது. அது வெறும் ஓசையே.

பிறரைக் குறித்து இவ்வளவு கூறிய நாம், நம் சபைகளையும் சிறிது நோக்கவேண்டும். 2020 மே 7ஆம் நாள் வைசாகப் பௌர்ணமி. உலகெங்கும் பௌத்தர் விகாரைகளிற் கூடாமல், இணையத்தின் வழியாக அந்நாளைக் கொண்டாடினர். அது நோய்க்காலத்தின் நல்லறம். திரையின் இருபுறமும் மனமுடைய மாந்தர் இருந்தனர். நோய் தணிந்த பின்னரோ? மும்மணிச் சரணத்தையும் ஐந்து சீலத்தையும் ஒலிபெருக்கியில் இசைக்கவிட்டு, நாம் வாய்மூடி அமர்ந்திருக்கும் வழக்கம் எத்தனை இடங்களில் உண்டு! குரல் இனிமையாக வருகின்றது; உச்சரிப்புப் பிழையில்லை; ஆனால் சரணம் புகுவார் யார்? கொல்லேன், களவாடேன் என்று உறுதி கூறுபவர் யார்? கருவி எதையும் கொல்வதில்லை, களவாடுவதுமில்லை. அதற்குச் சீலம் வேண்டுவதில்லை. வேண்டியிருப்பது நமக்கு. கற்றுக்கொள்ளும்பொருட்டு ஒலிப்பதிவைக் கேட்பது நன்று. நமக்கு ஈடாக அதனைச் சொல்லவிடுவது, ஆளில்லா அரங்கின் ஆரவாரத்தை நம் விகாரைக்குள் கொண்டுவருவதாகும். முதியோர் ஒருவர் நடுங்கும் குரலில், பாலி மொழிச் சொற்களைத் தடுமாறிச் சொல்வாராயினும், அதுவே மெய்யான சரணம்.

விளையாட்டரங்குகளுக்கு மக்கள் பின்னர் மீண்டனர். 2021 பிப்ரவரியில், சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் நடந்த முதல் டெஸ்ட் ஆட்டம் பார்வையாளரின்றி முடிந்தது. அதே அரங்கில் 13ஆம் நாள் தொடங்கிய இரண்டாம் ஆட்டத்திற்குப் பாதியளவினரை உள்ளே விட்டனர். சென்னைக்காரராகிய அஸ்வின் அவ்வாட்டத்தில் 106 ஓட்டங்கள் எடுத்தபோது, அரங்கில் எழுந்தது உயிருள்ளோர் குரல். இடையிடையே விடப்பட்ட இருக்கைகளும் அங்கே வெறுமையாகவே இருந்தன. ஒருபாதி மகிழ்ச்சி, ஒருபாதி காவல். இரண்டையும் ஒளிக்காமல் காட்டிய அரங்கு அது.

மீண்டும் ஒரு கொள்ளைநோய் வாராதென்று கூறுவார் எவருமில்லை. வந்தால், விலகியிருத்தலைக் கருணையாகக் கருதி விலகியிருப்போம். விலகினோரின் இடத்தை அவர்களுக்கே உரியதாக விட்டுவைப்போம். அவ்வெறுமையைக் கண்டு நாணி, அதனை ஓசையால் மூடாதிருப்போம். நோயற்ற நாளில் கூடும்போது, எதிரணியினனாயினும் வேற்றூரானாயினும், அவன் நலம் கண்டு மகிழும் உள்ளத்தோடு கூடுவோம். பந்தெறிந்த கைக்கு உரியவனை நம் பந்தியில், நம் கோப்பையோடு ஒத்த கோப்பை தந்து அமர்த்துவோம். அன்பர்களே, நம் சபைக்கு அடுத்த பௌர்ணமியன்று வரவியலாத முதியோரும் நோயாளரும் இருப்பின், அவர்தம் இருக்கையை அன்று வேறெவரும் நிரப்பவேண்டா. கூட்டம் முடிந்ததும், நம்முள் ஒருவர் அவர்கள் இல்லம் சென்று, "உங்கள் இடம் இன்று உங்களுக்காகவே இருந்தது" என்று சொல்லிவருவாராக.

எவ்வுயிரும் பிணி நீங்கி வாழ்க! தருமம் ஓங்குக!